நூற்று இருபத்தாறு

மனுதாரர் பியூலா, வயது முப்பத்திநாலு,
க/பெ அற்புதராஜ்,
பேரணாம்பட்டு தோல்ஷாப்பில் ட்ரிம்மிங் வேலை.
படிவத்தில் அவ்வளவுதான் இடம்.
சுண்ணாம்பு தின்ற விரல்நுனிக்குக்
கட்டம் எதுவும் போடவில்லை.

கை வெச்சானா?
இல்ல சார்.
அசிங்கமா திட்டினானா?
இல்ல சார். அக்கான்னுதான் கூப்ட்டான்.
பின்ன என்னம்மா?
வண்டிய குறுக்கால போட்டுகினான் சார்.
போட்டுகினு செல்லுல படம் பாத்துகினு இருந்தான்.

பதினோரு வருஷமாய் நான் இங்கே ரைட்டர்.
வழிமறித்து, ஆபாசமாகத் திட்டி,
கையால் அடித்து, கொன்றுவிடுவதாக மிரட்டி.
நாலு குற்றம், நாலு எண், ஒரே மூச்சு.
வரப்புச் சண்டைக்கும் அதுதான்,
கல்யாண மண்டபத்தில் இலை பறந்த சண்டைக்கும் அதுதான்.
அதில் முதல் எண்ணை யாரும் நின்று பார்த்ததில்லை,
நான் உட்பட.
இன்றைக்கு அது தனியாக வந்திருக்கிறது,
துணைக்கு ஒரு அறைகூட இல்லாமல்.

முந்நூற்று நாற்பத்தொன்று என்று எழுதி
அடித்துவிட்டு
நூற்று இருபத்தாறு என்று எழுதினேன்.
சட்டம் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டது,
கை இன்னும் பழைய வாசலில்தான் போய் நிற்கிறது.

பின்னால வழி இருந்துச்சா?
இருந்திச்சி சார். வந்த வழி.
சந்து கிந்து?
மசூதித் தெருவால சுத்திகினு போலாம்.
அப்ப போயிருக்கலாமேம்மா.

என் தலைக்குமேல் தொங்கும் வரைபடத்தைப் பார்த்தாள்.
மாவட்டம் மூன்றாய்ப் பிரியாத காலத்துப் படம்,
பாலாறு அதில் இன்னும் நீலம்.
எட்டு மணிக்குப் பஞ்ச் அடிக்கணும் சார்,
எட்டு அஞ்சுக்கு கேட்டு சாத்திடுவாங்க.
நான் அந்தப் பக்கம்தான் போவணும்.

புத்தகத்தை எடுத்தேன்.
பரீட்சைக்குப் பிறகு இப்போதுதான்
விரல் வைத்துப் படிக்கிறேன்:
செல்ல உரிமையுள்ள எத்திசையிலும்
ஒருவர் செல்லாதபடி வேண்டுமென்றே தடுப்பது.

எத்திசையிலும்.
எல்லாத் திசையும் அடைபட வேண்டும் என்றுதான்
இத்தனை வருஷம் வாசித்திருக்கிறேன்.
அதற்கு அடுத்த எண் இருக்கிறது, நூற்று இருபத்தேழு,
நாலு பக்கமும் எல்லை கட்டி அடைத்து வைப்பது,
ஒரு வருஷம்வரை.
இதற்கு ஒரு திசை போதும்.
மீதி மூன்றும் திருவிழாத் தெருவாய்த் திறந்து கிடந்தாலும்
அவள் போகக் கிளம்பிய அந்த ஒன்று.

கீழே ஒரு விலக்கு, சின்ன எழுத்தில்:
தனியார் வழியை, அடைக்கத் தனக்கு உரிமையுண்டென்று
நல்லெண்ணத்தோடு நம்பி அடைத்தவனுக்குக் குற்றமில்லை.
நவநீதன் என்ன நம்பியிருப்பான்?
நாலு வாரத் தவணை பாக்கி.
கடன் அவன் கம்பெனியுடையது, சரி.
வி.கோட்டா ரோடு யாருடையது?

ஒரு மாச தண்டனைக்கெல்லாம் எஃப்.ஐ.ஆரா,
சி.எஸ்.ஆர். போட்டு அனுப்புய்யா
என்றார் உள்ளேயிருந்து அய்யா.
போட்டேன்.
ரசீதில் நேரம் எழுதும்போதுதான் கடிகாரம் பார்த்தேன்.
மாலை நாலு பத்து.
அவள் வந்தது பத்தரைக்கு.
நடுவில் இரண்டு முறை எழுந்தாள்,
நான் போய்ட்டு வரேன் சார் என்று.
இரும்மா, அய்யா வரட்டும் என்றேன்,
இரண்டு முறையும் தலை நிமிராமல்.
அந்த பெஞ்சுக்கு மூன்று பக்கம் சுவர்,
நாலாவது பக்கம் என் மேசை.

ரசீதை நாலாய் மடித்தாள்.
நாளைக்கும் அவன் நிப்பான் சார்,
நான் அந்த வழியே போவலாமா?
போகலாம் என்கிறது புத்தகம்.
பாத்துப் போம்மா என்றேன் நான்.

வாசலில் ஆற்றுமணலோடு பிடித்த மாட்டுவண்டிகள்,
மாடில்லாமல், நுகத்தடி தரையில் குத்தி.
இடுக்கில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள்,
கண்ணாடி சிக்கியது.
எழுந்து போய் ஒரு வண்டியின் ஏர்க்காலைத் தூக்கி
ஓரமாய் நகர்த்தினேன்.
கனம்.
தோல்ஷாப் இடப்பக்கம், வீடு வலப்பக்கம்.
அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று
பார்த்துக்கொண்டு நின்றேன்,
ஏர்க்கால் இன்னும் என் கையில்.